வயிற்றில் அடைப்பு என்றால் புற்றுநோயா? அடிப்படையிலிருந்து ஒரு விளக்கம்

"வயிற்றில் அடைப்பு இருக்கிறது. பழைய அல்சர் தழும்பாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். பயாப்ஸி, அதாவது சதைத் துணுக்குப் பரிசோதனை, வந்த பிறகுதான் சொல்ல முடியும்." வாந்தி நிற்கவில்லை என்று அப்பாவையோ அத்தையையோ ஆஸ்பத்திரியில் சேர்த்த குடும்பத்திடம் மருத்துவர் பெரும்பாலும் இப்படித்தான் சொல்வார். கேட்டதுமே வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். கேன்சர்தான், எல்லாம் முடிந்தது என்று ஒரு பக்கம் அழுகை. அதெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் அல்சர்தான் என்று இன்னொரு பக்கம் சமாதானம். இரண்டுமே ஆபத்தான அவசரம். முதலாவது, குணமாகக்கூடியவரையும் கைவிட வைக்கும். இரண்டாவது, காரணம் தெரியும் முன்பே வீட்டுக்கு அழைத்துப்போக வைக்கும்.

## அடைப்பு எந்த இடத்தில்?

சாப்பிட்ட உணவை இரைப்பை அமிலத்தோடு சேர்த்துக் கடைந்து கூழாக்கி, சிறுகுடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுகிறது. இரைப்பையின் கடைசிப் பகுதி குறுகி ஒரு தசை வளையத்தில் முடியும். அந்த வளையத்துக்கு பைலோரஸ் என்று பெயர். அதைத் தாண்டினால் சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடல். சாதாரணமாகச் சாப்பிட்ட 4 மணி நேரத்தில் உணவில் பெரும்பகுதி இந்த வளையத்தைக் கடந்திருக்கும்.

இந்த வளையத்திலோ, அதற்குச் சற்று முன்னாலோ பின்னாலோ வழி அடைபட்டால் அதை 'கேஸ்ட்ரிக் அவுட்லெட் அப்ஸ்ட்ரக்‌ஷன்' என்பார்கள். கேஸ் ஷீட்டில் ஜி.ஓ.ஓ. என்று சுருக்கமாக இருக்கும். இது ஒரு நிலையின் பெயர் மட்டுமே. எந்த நோயால் அந்த நிலை வந்தது என்பது தனிக் கேள்வி. சிகிச்சை, செலவு, எதிர்காலம் எல்லாமே அந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தவை.

அடையாளங்கள் ஓரளவு தெளிவானவை:

1. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்டது என்பார்கள். சாப்பாட்டின் அளவு வாரக்கணக்கில் குறைந்துகொண்டே வரும்.
2. சாப்பிட்டுப் பல மணி நேரம் கழித்து வாந்தி. காலையில் எடுக்கும் வாந்தியில் முந்தின இரவுச் சோறு அப்படியே இருக்கும். புளித்த வாடை அடிக்கும். பித்தத்தின் மஞ்சள், பச்சை நிறம் பெரும்பாலும் இருக்காது, ஏனென்றால் பித்தநீர் வந்து சேரும் இடம் அடைப்புக்கு அப்பால் இருக்கிறது.
3. வாந்தி எடுத்ததும் நிம்மதி. அதனாலேயே சிலர் தாங்களாகவே விரலை விட்டு வாந்தி எடுப்பார்கள்.
4. மேல்வயிறு உப்பியிருக்கும். அசைத்தால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கும். மெலிந்தவர்களுக்கு இரைப்பை சுருங்கி விரியும் அலை இடமிருந்து வலமாக ஓடுவது தோலுக்கு மேலேயே தெரியும்.

நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளுக்கு அடைப்பே இல்லாமலும் இதே தொந்தரவு வரலாம். நரம்பு பாதித்து இரைப்பை மந்தமாகிவிடுவதுதான் காரணம். செமாக்ளூடைடு போன்ற சர்க்கரை, எடைக்குறைப்பு ஊசிகளும் இரைப்பையை மந்தமாக்கும். ஆகவே எடுத்துக்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் முதல் நாளே காட்டிவிட வேண்டும்.

## என்னென்ன காரணங்கள்?

தென்னிந்தியாவில் ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த அடைப்புக்கு முதல் காரணம் அல்சர்தான். அரிசி உண்ணும் பகுதிகளில் முன்சிறுகுடல் புண் மிகச் சாதாரணமாக இருந்தது. புண் ஆறுவதும் திரும்ப வருவதுமாகப் பல ஆண்டுகள் ஓடி, கடைசியில் தழும்பு வழியைச் சுருக்கிவிடும். அந்தக் காலத்தில் அமிலம் சுரக்கத் தூண்டும் வேகஸ் நரம்பைத் துண்டித்து, இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைக்கும் அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் வாடிக்கை. அந்த நீளமான தழும்போடு இன்றும் பல தாத்தாக்கள் இருக்கிறார்கள்.

அப்புறம் நிலைமை மாறியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். அல்சருக்குப் பெரும்பாலும் இந்தக் கிருமியே காரணம் என்று நிறுவியதற்காக 2005இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிருமியைக் கொல்லும் மருந்தும், ஒமெப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளும் பரவியதும் தழும்பு அடைப்புகள் வெகுவாகக் குறைந்தன. தழும்பு குறையக் குறைய, மிச்சமிருக்கும் அடைப்புகளில் புற்றுநோயின் பங்கு ஏறிவிட்டது. இப்போது பெரியவர்களுக்கு வரும் இந்த அடைப்பில் பாதிக்கு மேல் புற்றுநோயால் வருவதாகவே பல மருத்துவமனைகளின் கணக்கு காட்டுகிறது. அதனால்தான் மருத்துவர் முதல் நாளே அந்த வார்த்தையை எடுக்கிறார். பயமுறுத்த வேண்டும் என்று அல்ல.

காரணங்களை இப்படி வகுக்கலாம்:

1. இரைப்பைப் புற்றுநோய். வெளியேறும் பகுதிக்கு அருகே வளர்ந்தால் சீக்கிரம் வழியை அடைக்கும். இரைப்பையின் நடுவில் வளர்ந்தால் நெடுநாள் சத்தமே காட்டாது.
2. கணையத்தின் தலைப்பகுதியில் வரும் புற்றுநோய். வெளியிலிருந்து முன்சிறுகுடலை நெருக்கும். கூடவே மஞ்சள் காமாலை இருந்தால் சந்தேகம் இந்தப் பக்கம் திரும்பும்.
3. அல்சர் தழும்பு அல்லது அல்சரைச் சுற்றிய வீக்கம். மூட்டுவலிக்காக டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளை மருந்துக்கடையில் தாங்களே வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் வருகிறது.
4. காசநோய். நுரையீரலில் ஒன்றுமே இல்லாமல் இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் மட்டும் வரலாம். படத்தில் புற்றுநோய் போலவே தெரியும், மருந்தால் குணமாகும். நம் நாட்டில் இதை மறக்கவே கூடாது.
5. அமிலம் குடித்ததால் வந்த தழும்பு. கழிவறை கழுவும் ஆசிட் இரைப்பையின் அடிப்பகுதியில் தேங்கிச் சுடும். சில வாரங்கள் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் வழி சுருங்கும். வெட்கத்தினால் குடும்பங்கள் இந்தத் தகவலை மறைப்பதுண்டு. மருத்துவரிடம் மறைத்தால் நோயாளிக்குத்தான் நஷ்டம்.
6. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், க்ரோன் நோய் என்ற நாட்பட்ட குடல் அழற்சி, விழுங்கிய முடியோ நார்ப்பொருளோ திரண்ட உருண்டை. இவை அரிது.

புதிதாக அடைப்பு வந்திருக்கிறது, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, எடை குறைந்திருக்கிறது, ரத்தசோகை இருக்கிறது. இவை ஒன்றாகச் சேர்ந்தால், இல்லை என்று உறுதியாகும் வரை புற்றுநோயாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு தேடுவதே சரி. மலம் கறுப்பாகப் போவதும், இடது காறை எலும்புக்கு மேலே கெட்டியான நெறிக்கட்டி தட்டுப்படுவதும் சந்தேகத்தைக் கூட்டும்.

"அவருக்கு இருபது வருஷமாக அல்சர் இருக்கிறது, அதுதான் இது" என்ற வாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அல்சர் எங்கே இருந்தது என்று முதலில் கேளுங்கள். முன்சிறுகுடல் புண் உள்ளவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சராசரியைவிடக் குறைவு. இரைப்பைக்குள் இருந்த புண் என்றால் வாய்ப்பு கூடுதல். இரண்டுக்கும் பின்னால் இருப்பது அதே ஹெலிகோபாக்டர் கிருமிதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே அதை உறுதியான புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பழைய அல்சர் என்ற ஒன்றை மட்டும் வைத்து நிம்மதி அடைய முடியாது. வாய் வழியாக கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் என்டோஸ்கோப்பி செய்யாமலே வைத்த 'அல்சர்' என்ற பெயராக இருந்தால் சுத்தமாக முடியாது.

## என்டோஸ்கோப்பிக்கு முன் ஏன் காத்திருப்பு?

சேர்த்து இரண்டு நாளாகியும் டிரிப்ஸ் மட்டும்தான் ஏறுகிறது, மூக்கில் ட்யூப் போட்டிருக்கிறார்கள், வேறு ஒன்றும் நடக்கவில்லை என்று உறவினர்கள் கோபப்படுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் அந்த இரண்டு நாளில் முக்கியமான வேலைகள் நடக்கின்றன.

முதலாவது, இரைப்பையைக் காலி செய்வது. ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது. வழி அடைபட்டிருப்பதால் அதுவும், விழுங்கிய எச்சிலும், பழைய உணவும் சேர்ந்து தேங்கிக் கிடக்கும். அந்த நிலையில் என்டோஸ்கோப்பி குழாயை விட்டால் தேங்கியது மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். அது உயிருக்கே ஆபத்து. தவிரவும், சோற்றுக்கு அடியில் இருக்கும் புண்ணைப் பார்க்கவும் முடியாது.

இரண்டாவது, உப்புகளைச் சரிசெய்வது. சாதாரண வாந்தி பேதியில் இந்த அளவுக்குப் போகாத ஒன்று இந்த வாந்தியில் போகிறது: இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலம் வெளியேற வெளியேற ரத்தம் காரத்தன்மை பக்கம் சாயும். குளோரைடு இறங்கும். ஈடுகட்டப் பார்க்கும் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே விட்டுவிடும். கை கால் சோர்வு, தசைப்பிடிப்பு, குழப்பமான பேச்சு, இதயத்துடிப்புக் கோளாறு எல்லாம் இதனால் வருபவை. இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்வது நல்லதல்ல. சலைனும் பொட்டாசியமும் ரத்தக்குழாய் வழியாகவே ஏற்றியாக வேண்டும்.

பாசத்தால் யாரும் பார்க்காதபோது கஞ்சியோ இளநீரோ கொடுப்பது எல்லா வார்டுகளிலும் நடக்கிறது. அது அடைப்பைத் தாண்டிப் போகாது. இரைப்பையிலேயே நின்று, மறுநாள் என்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போட வைக்கும். பசியைப் பார்க்க மனசு கேட்காதுதான். ஆனால் அந்த ஒரு டம்ளர் கஞ்சியால் முடிவு ஒரு நாள் தள்ளிப்போகிறது.

## பயாப்ஸியும் அதன் ரிப்போர்ட்டும்

என்டோஸ்கோப்பி செய்யும்போதே சிறு கிடுக்கியால் சந்தேகப்படும் இடத்திலிருந்து சதைத் துணுக்குகளை எடுப்பார்கள். ஒன்றிரண்டு துணுக்குகள் போதாது, 6 முதல் 8 வரை எடுப்பது நல்ல நடைமுறை. இதில் வலி தெரியாது. "கத்தி பட்டால் கேன்சர் பரவிவிடும்" என்று சொல்லி பயாப்ஸியைத் தடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என்டோஸ்கோப்பி பயாப்ஸியால் இரைப்பைப் புற்றுநோய் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பயாப்ஸி இல்லாமல் கீமோதெரபியும் இல்லை, சரியான அறுவையும் இல்லை.

ரிப்போர்ட் வர ஒரு வாரம் வரை ஆகலாம். அதில் வழக்கமாக வரும் சொற்கள்:

1. அடினோகார்சினோமா: இரைப்பைப் புற்றுநோயில் பெரும்பான்மை இந்த வகை. கூடவே 'சிக்னெட் ரிங்', 'டிஃப்யூஸ்' என்று இருந்தால் செல்கள் கட்டியாகத் திரளாமல் சுவருக்குள் பரவும் வகை.
2. இன்டெஸ்டினல் மெட்டாபிளேசியா: இதைப் படித்துவிட்டுப் பலர் கேன்சர் என்று கலங்குகிறார்கள். இது புற்றுநோய் அல்ல. நாட்பட்ட அழற்சியால் இரைப்பையின் உள்தோல் குடலின் தோலைப்போல மாறியிருக்கிறது என்று பொருள். கண்காணிப்பு தேவைப்படலாம்.
3. டிஸ்பிளேசியா: செல்கள் புற்றுநோயை நோக்கி நகரத் தொடங்கியிருக்கின்றன. 'ஹை கிரேடு' என்றால் தாமதிக்கக்கூடாது.
4. கிரானுலோமா: அழற்சி செல்கள் திரண்ட சிறு முடிச்சு. காசநோய், க்ரோன் நோய் போன்றவற்றின் பக்கம் கைகாட்டும்.
5. 'நெகடிவ் ஃபார் மாலிக்னன்சி': எடுத்த துணுக்குகளில் புற்றுநோய் செல்கள் இல்லை.

கடைசிச் சொல்லில்தான் நிறையக் குடும்பங்கள் இடறுகின்றன. நெகடிவ் என்றதும் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு டிஸ்சார்ஜ் கேட்பார்கள். அந்த ரிப்போர்ட் எடுத்த துணுக்குகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. டிஃப்யூஸ் வகை, மேல்தோலை அப்படியே விட்டுவிட்டு அடியில் உள்ள அடுக்குகளில் பரவும். இரைப்பைச் சுவர் முழுவதும் தடித்து விறைத்துத் தோல்பைபோல ஆகியிருக்கும், ஆனால் மேலாகக் கிள்ளிய துணுக்கில் வீக்கம் தவிர ஒன்றும் தெரியாது. வழி மிகக் குறுகியிருந்தால் குழாய் உள்ளே போகாமல் விளிம்பில் மட்டும் எடுத்திருக்கலாம். சில நாட்கள் அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிட்டிருந்தால் புற்றுப்புண்ணின் மேற்பரப்புகூட ஆறியதுபோலத் தோற்றம் காட்டும்.

ஆகவே ரிப்போர்ட் நெகடிவ், அடைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது என்றால் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை:

1. எத்தனை துணுக்குகள் எடுத்தீர்கள்? அடைப்பின் உள்ளே போக முடிந்ததா?
2. சி.டி. ஸ்கேனில் சுவர் தடித்திருக்கிறதா, நெறிக்கட்டிகள் இருக்கின்றனவா?
3. அதே இடத்தில் மீண்டும் ஆழமாக பயாப்ஸி, அல்லது என்டோஸ்கோப்பி குழாயின் நுனியிலிருந்தே ஸ்கேன் செய்யும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் தேவையா?
4. காசநோய்க்குத் தனியாக ஜீன்எக்ஸ்பர்ட் பரிசோதனை அனுப்பியிருக்கிறதா?
5. இரைப்பைப் புண் என்றால், மருந்து கொடுத்து எவ்வளவு நாளில் மறுபடி என்டோஸ்கோப்பி? சுமார் இரண்டு மாதத்தில் புண் ஆறிவிட்டதா என்று நேரில் பார்ப்பது அவசியம்.

## புற்றுநோய் இல்லை என்றால்

இது எளிதான பாதை. அமிலக் குறைப்பு மருந்து, கிருமி இருந்தால் 14 நாள் கூட்டு மருந்து, வலி மாத்திரை நிறுத்தம். வீக்கத்தால் வந்த அடைப்பு இதிலேயே விலகிவிடும். தழும்பு என்றால் என்டோஸ்கோப்பி வழியாக பலூனை விரித்துப் பாதையைப் பெரிதாக்கலாம், சில தடவை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதற்கும் மசியாவிட்டால் அறுவை. காசநோய்க்கு வழக்கமான கூட்டு மருந்து குறைந்தது 6 மாதம்.

## புற்றுநோய் என்றால்

அடுத்த கேள்வி, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. மார்பு, வயிறு, இடுப்பு சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். வயிற்று உள்ளுறையில் தூவினாற்போல் பரவும் சிறு கட்டிகள் ஸ்கேனில் தெரியாமல் போகலாம் என்பதால், அறுவைக்கு முன் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டு நுழைக்கும் கேமரா, வழியாக உள்ளே பார்ப்பதும் வழக்கம். இதைத் தேவையில்லாத செலவு என்று நினைக்க வேண்டாம். பலன் தராத பெரிய அறுவையிலிருந்து நோயாளியைக் காப்பாற்றும் பரிசோதனை இது.

உள்தோல் அளவில் இருக்கும்போதே பிடிபட்ட இரைப்பைப் புற்றுநோயில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். அடைப்பு உண்டாகும் அளவு வளர்ந்துவிட்டால் அந்தக் கட்டம் கடந்திருக்கும். அதற்காக எல்லாம் கைமீறிவிட்டது என்றும் பொருளில்லை. வேறு உறுப்புகளுக்குப் பரவாதவரை குணமாக்கும் நோக்கத்தோடு அறுவை செய்ய முடியும். வெளியேறும் பகுதியில் கட்டி இருந்தால் பலருக்கு முழு இரைப்பையையும் எடுக்கத் தேவையிருக்காது, கீழ்ப்பகுதியும் சுற்றியுள்ள நெறிக்கட்டிகளும் போதும். இந்த அறுவையின் வரலாறே இப்படியொரு அடைப்பில்தான் தொடங்கியது. 1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ரோத், பைலோரஸ் புற்றால் எதுவும் உள்ளே இறங்காமல் வாடிய 43 வயதுப் பெண்ணுக்கு இரைப்பையின் கீழ்ப்பகுதியை அகற்றி மிச்சத்தைக் குடலோடு இணைத்தார். அந்தப் பெண் அறுவையிலிருந்து தேறினார், ஆனால் நோய் திரும்பி சில மாதங்களில் இறந்துபோனார். இன்று அறுவைக்கு முன்னும் பின்னும் கீமோதெரபி கொடுப்பது திரும்ப வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. நான்கு மருந்துகள் சேர்ந்த 'ஃப்ளாட்' முறை இதில் பரவலானது.

அறுவையால் குணமாக்க முடியாத அளவு பரவியிருந்தால், அடைப்பைச் சமாளிப்பதே தனி சிகிச்சை ஆகிறது. வழிகள் இரண்டு:

1. ஸ்டென்ட்: என்டோஸ்கோப்பி வழியாக உலோக வலைக்குழாயை அடைப்பில் விரித்துவிடுவது. ஓரிரு நாளில் திரவ உணவு இறங்கும். சில மாதங்களில் மீண்டும் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு.
2. பைபாஸ்: அடைப்பைத் தொடாமல், இரைப்பையைச் சிறுகுடலோடு வேறிடத்தில் இணைப்பது. தேற நாள் பிடிக்கும், நீண்ட நாள் உழைக்கும். பெரிய மையங்களில் இதையே அல்ட்ராசவுண்ட் என்டோஸ்கோப்பி மூலம் வயிற்றைத் திறக்காமல் செய்கிறார்கள்.

உடல் மிகவும் தளர்ந்தவருக்கு முதலாவதும், இன்னும் பல மாதங்கள் கீமோ தாங்கக்கூடியவருக்கு இரண்டாவதும் பொருந்தும் என்பது பொதுவான கணக்கு. நோயாளியையே கேட்க வேண்டிய முடிவு இது. அவருக்கு நோயின் பெயரையே சொல்லாமல் பிள்ளைகள் மட்டும் கூடி முடிவெடுப்பது நம் வீடுகளில் வழக்கமாக இருக்கிறது. வாய் வழியாக ஒரு வாய் சாப்பிடுவது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இந்தக் கட்டத்தில் கட்டியின் துணுக்கை ஹெர்-2, எம்.எஸ்.ஐ. போன்ற பரிசோதனைகளுக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சிலருக்குக் குறிவைத்துத் தாக்கும் மருந்தும் இம்யூனோதெரபியும் பலன் தரும் என்பது அதில் தெரியவரும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே காட்டிவிடுவது நல்லது.

சத்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வாரக்கணக்கில் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய ஊட்டம் போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து ஆபத்தாகிவிடும். அதனால்தான் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டு, அடைப்பைத் தாண்டி வைத்த மெல்லிய குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குகிறார்கள்.

## மற்றவர்களுக்கும் வருமா?

நெப்போலியன் 1821இல் செயின்ட் ஹெலினா தீவில் வயிற்று நோயால் இறந்தார். அவருடைய தந்தை 1785இல் இறந்ததும் பைலோரஸ் பகுதியில் வந்த கட்டியால்தான். தான் இறந்த பிறகு உடலைத் திறந்து இரைப்பையைக் கவனமாகப் பார்த்து, தன் மகனுக்குத் தெரிவிக்கும்படி நெப்போலியன் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டார். குடும்பத்தில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்கள் மனதில் எழும் அதே கேள்வி.

பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கு இந்தப் புற்றுநோய் இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு. இதில் பரம்பரைக்கு ஒரு பங்கு, சிறுவயதில் ஒரே வீட்டில் தொற்றிக்கொண்ட கிருமிக்கும், உப்பு மிகுந்த உணவுக்கும், புகையிலைக்கும் ஒரு பங்கு. நேரடியாக மரபணுவால் வருவது மிகச் சிறு பகுதிதான். ஆகவே:

1. உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஹெலிகோபாக்டர் பரிசோதனை செய்துகொள்ளலாம். மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை போதும். அமிலக் குறைப்பு மாத்திரையை 2 வாரமும், ஆன்டிபயாடிக்கை 4 வாரமும் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும்.
2. வயிற்றுத் தொந்தரவு தொடர்ந்து இருப்பவர்கள் மாத்திரையிலேயே ஓட்டாமல் ஒரு முறை என்டோஸ்கோப்பி செய்துவிடுவது நல்லது.
3. ஒரே குடும்பத்தில் இருவருக்கு டிஃப்யூஸ் வகை, அல்லது ஒருவருக்கு ஐம்பது வயதுக்குள் அந்த வகை, அல்லது கூடவே யாருக்காவது லோபுலர் வகை மார்பகப் புற்றுநோய் இருந்தால் இந்த வகை பரம்பரையாக வருகிறதா என்று காட்டும் சி.டி.எச்.1 மரபணுப் பரிசோதனை பற்றி மரபணு ஆலோசகரிடம் பேச வேண்டும். அந்தச் சந்திப்புக்கு, நோயாளியின் பயாப்ஸி ரிப்போர்ட் நகலும், குடும்பத்தில் யார் யாருக்கு எந்த வயதில் என்ன புற்றுநோய் வந்தது என்ற பட்டியலும் கையில் இருக்க வேண்டும்.